கழுத்து வலிக்கு எந்தப் பயிற்சி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு மாதமாகத் தலையை வட்டமாகச் சுழற்றுகிறேன், நாலு பக்கமும் இழுத்து வளைக்கிறேன். செய்தவுடன் இதமாக இருக்கிறது. சாயங்காலம் வலி பழையபடி வந்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: இழுத்துவிட்டால் தசையின் இறுக்கம் சற்று நேரம் தளரும், பலம் அதிகரிக்காது. உங்களுக்கு வேண்டியது பலம். தலையின் கனம் ஏறக்குறைய 5 கிலோ. அதை நாள் முழுக்க நிமிர்த்திப் பிடிக்க, கழுத்தெலும்புகளின் முன்புறத்தை ஒட்டி ஆழத்தில் சின்னத் தசைகள் இருக்கின்றன. நாள்பட்ட வலியில் பலருக்கு இவை சோர்ந்துவிடுகின்றன. இவற்றின் வேலையையும் வெளித்தசைகள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்து, பொழுது சாய்வதற்குள் களைத்துப்போகின்றன.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். 'ஆமாம்' என்று மெல்லத் தலையாட்டுவதுபோல முகவாயைத் தொண்டைப் பக்கம் இறக்குங்கள். பின்னந்தலை துண்டின்மேல் உச்சந்தலைப் பக்கமாகச் சற்றே வழுக்கும். துண்டைவிட்டு எழும்பக் கூடாது, அதை அழுத்தவும் கூடாது. 10 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, காலையும் மாலையும்.

அசைவு இவ்வளவு சிறியதா என்று சந்தேகம் வரும். சிறியதாக இருந்தால்தான் பயன். விரல்களைக் கழுத்தின் முன்பக்கம் வைத்துப் பாருங்கள்: காதுக்குப் பின்னாலிருந்து காரை எலும்புக்கு இறங்கும் தசை கயிறுபோல் விறைத்தால், வெளித்தசை வேலையைப் பறித்துக்கொண்டது என்று அர்த்தம். பல்லைக் கடித்தாலும் மூச்சை அடக்கினாலும் அப்படித்தான். பாதி அளவுக்கு இறக்கி, 5 விநாடி மட்டும் பிடியுங்கள்.

இரண்டு வாரத்தில் இது பிடிபட்டதும் தோளையும் சேருங்கள். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, முழங்கைகள் விலாவை உரச, பின்னால் இழுங்கள். 10 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தோள்கள் காதை நோக்கி ஏறினால் பட்டை உங்களுக்குக் கடினம், லேசானதாக மாற்றுங்கள். முழு வட்டச் சுழற்றலை விட்டுவிடுங்கள். தலை பின்னால் சாய்ந்தபடியே திரும்பும்போது பின்பக்க மூட்டுகள் நெரிபடும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நடுவில் லேசான வலி வந்தால் பயம் வேண்டாம். மறுநாளும் வலி தணியாமல் இருந்தால், செய்த அளவு அதிகம், பாதியாக்குங்கள்.

கேள்வி: எக்ஸ்-ரேயில் தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. பயிற்சி செய்தால் இன்னும் தேயாதா? காலர் போட்டுக்கொண்டு ஓய்வில் இருப்பது நல்லதல்லவா?

பதில்: வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களின் எக்ஸ்-ரேயிலும் தேய்மானம் தெரியும், தலை நரைப்பதுபோல. மேலே சொன்ன அளவான பயிற்சியால் அது அதிகரிக்காது. காலர்தான் கவலை தருகிறது. எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ இல்லாதபோது வாரக்கணக்கில் போட்டால், பலப்படுத்த வேண்டிய தசைகளே இன்னும் மெலியும். மருத்துவர் போடச் சொல்லியிருந்தால், எத்தனை நாள் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வலியோடு கையும் மரத்துப்போகிறது. பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: நீங்களாகத் தொடர வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு அழுந்தியிருக்கலாம். அதற்கும் பயிற்சி உண்டு, ஆனால் பிசியோதெரபிஸ்ட் கை பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்த பிறகுதான். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, கையிலிருந்து பாத்திரம் நழுவுகிறது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடமே அழுந்தியிருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வந்த வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்பும் வலி, இவற்றுக்கும் பயிற்சி பிறகுதான்.