கோச்சும் அவரே, ஜிம் பொறுப்பும் அவரே: கேள்வி பதில்

அமெரிக்காவில் சிறிய கல்லூரி ஒன்றில் உதவிக் கோச்சாகவும் ஜிம் பொறுப்பாளராகவும் இருக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்திலேயே ஆயுளைக் கழித்த கோச்சுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டிவியில் பார்த்தால் நாலு வருஷம் தோற்றாலே கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலர் மட்டும் ஒரே கல்லூரியில் 40, 50 வருஷம் எப்படி இருக்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கு மூன்று அடுக்குகள், டிவிஷன் 1, 2, 3. டிவியில் வருவது பெரும்பாலும் மேலடுக்கான டிவிஷன் 1. அங்கே கோடிக்கணக்கான டாலர் புழங்குகிறது, பொறுமைக்கு இடமில்லை. டிவிஷன் 3 வேறு உலகம். 400-க்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது என்பது விதி. பல இடங்களில் கோச்சுக்குக் கோச் வேலை பாதிதான். மீதி நேரம் ஜிம்மை நடத்துவார், உடற்கல்வி வகுப்பு எடுப்பார், விளையாட்டு அரங்கத்தின் சாவியையும் அவரே வைத்திருப்பார்.

வெளியில் தெரியாத இன்னொரு சங்கதி உண்டு. இந்தச் சிறு கல்லூரிகள் ஓடுவதே மாணவர் கட்டும் கட்டணத்தில். கோச் ஊர் ஊராகப் போய்ப் பிடித்துக்கொண்டு வரும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் கட்டணம் கட்டிப் படிக்க வருகிறவர். அதனால் அணி தோற்றாலும் அட்மிஷன் அலுவலகத்துக்கு அவர் வேண்டப்பட்டவர்தான். சிறு கல்லூரியில் ஒரு கோச்சை நிலைக்க வைப்பது வெற்றிக் கணக்கைவிட இந்த மற்ற வேலைகள்தான் என்பது என் கணிப்பு.

ஜெயித்துக்கொண்டே நிலைத்தவர்களும் இல்லாமல் இல்லை. பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில் கிளென் ராபின்சன் 1971 முதல் 2019 வரை இருந்தார். 967 வெற்றிகள், டிவிஷன் 3-ல் அதுதான் உச்சம். பிலடெல்பியாவில் ஹெர்ப் மகீ, டிவிஷன் 2. தான் ஆடிய கல்லூரிக்கே 1967-ல் தலைமைக் கோச்சாகி 2022-ல்தான் ஓய்வு பெற்றார். 1,144 வெற்றிகள். கூடைக்குப் பந்து எறியச் சொல்லித்தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள்.

கேள்வி: ஃபிட்னஸ் டைரக்டர் என்றால் வெறும் ஜிம் மேற்பார்வைதானா?

அப்படித்தான் நினைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்கிறார்கள். விடிவதற்கு முன் ஜிம் திறக்க வேண்டும். பகுதிநேர வேலைக்கு வரும் மாணவர்களுக்கு யார் எப்போது என்று அட்டவணை போட வேண்டும், தேர்வு வாரத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள். கேபிள் தேய்ந்த மெஷினை யாராவது காயப்படும் முன் கண்டுபிடிக்க வேண்டும். முதலுதவி, சி.பி.ஆர். சான்றிதழ்கள் காலாவதியாகாமல் பார்க்க வேண்டும். முழங்கால் வலிக்கிற பேராசிரியருக்கும் ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். இதற்கு நடுவில் எல்லா அணிகளும் மாலை 4 மணிக்கே ஸ்குவாட் ரேக் (பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சிக்கான சட்டம்) வேண்டும் என்று நிற்கும். கூடைப்பந்துக் கோச்சே டைரக்டராக இருந்தால் தன் அணிக்கு நல்ல நேரத்தை எடுத்துக்கொள்கிறார் என்ற முணுமுணுப்பு வராமல் இருக்காது. பெரும்பாலும் அது உண்மையும்கூட.

கேள்வி: வெயிட் தூக்கினால் ஷாட் கெட்டுவிடும் என்று எங்கள் பழைய கோச் சொல்வார். சரியா?

அந்தத் தலைமுறைக் கோச்சுகள் பலர் அப்படித்தான் நம்பினார்கள். தசை இறுகிவிடும், கை வராது என்று பயம். கல்லூரிகளில் பளுப்பயிற்சியைத் தனித் தொழிலாக மதிக்கத் தொடங்கியதே பின்னால்தான். அதற்கான தேசியச் சங்கம் என்.எஸ்.சி.ஏ. 1978-ல் தொடங்கியது. பயிற்சியாளர்களுக்கு அது கொடுக்கும் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழ் 1985-ல் வந்தது.

ஷாட் கெடுவது களைப்பால். நேற்று கால் பயிற்சியைக் கடுமையாகச் செய்துவிட்டு இன்று எறிந்தால் பந்து கூடையின் முன்வளையத்தில்தான் இடிக்கும். அதனால் சீசன் நடக்கும்போது செட்டுகளைக் குறைப்போம், எடையை அதிகம் குறைக்க மாட்டோம். வாரம் ஒன்றிரண்டு முறை செய்தாலே சேர்த்த பலம் கரையாது. பலத்தைக் கூட்டுவதெல்லாம் கோடை விடுமுறையில்.

இதைவிட முக்கியம் குதித்து இறங்குவது. கூடைப்பந்தில் அதிகம் அடிபடுவது கணுக்கால். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது அதைவிட அரிது, ஆனால் ஒரு சீசனையே விழுங்கிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம் நேர்கிறது. முழங்கால் உள்பக்கம் மடங்காமல் மெத்தென்று இறங்கப் பழக்குவதற்கு மெஷினே வேண்டாம். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் வார்ம்-அப்பில் கொஞ்ச நேரம் போதும். அலுப்பான வேலை என்பதால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான், எனக்கு எரிச்சல் வரும் இடமும் அதுதான்.

கேள்வி: தோல்விக் கணக்கு அதிகமாக இருந்தால் மோசமான கோச் என்று சொல்லலாமா?

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமிருந்தே தொடங்குங்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடையை மாட்டினார். 1898-ல் மருத்துவப் பட்டத்தோடு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது உடற்கல்விப் பொறுப்புக்கும் பிரார்த்தனைக் கூடப் பொறுப்புக்கும். கூடைப்பந்து அணி கூடுதல் வேலை. 55 வெற்றி, 60 தோல்வி. கான்சாஸின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்! அவருக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை, மாணவர்களின் உடல்நலமே அவருடைய அக்கறை.

அப்புறம் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெவ்ஸ்கி. 1980-ல் சேர்ந்தவருக்கு முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. இன்றைக்கு என்றால் நாலாவது சீசனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். முதல் தேசியப் பட்டம் 1991-ல்தான் வந்தது. 2022-ல் விலகியபோது மொத்தம் ஐந்து. லாஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 10 பட்டம் வாங்கிய ஜான் வுடனுக்கும் முதல் பட்டம் அங்கே சேர்ந்து 16-வது சீசனில்தான்.

கேள்வி: மகள் கல்லூரி அணியில் ஆடுகிறாள், கோச் ஆக வேண்டும் என்கிறாள். எங்கே தொடங்குவது?

முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராகச் சேர்வதுதான் வழக்கமான வாசல். சம்பளம் சொற்பம், வேலை சொல்லி மாளாது. பாட் சம்மிட் 1974-ல் டென்னசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிக்குப் பொறுப்பேற்றபோது அவருக்கு 22 வயது, மாதம் 250 டாலர். வேன் ஓட்டினார், சீருடைகளையும் துவைத்தார். 2012-ல் விலகும்போது 1,098 வெற்றி, எட்டுப் பட்டம். உங்கள் மகளிடம் சொல்வது இதுதான்: உடலியக்க அறிவியலில் பட்டம் வாங்கி, சி.எஸ்.சி.எஸ். தேர்வையும் எழுதிவிடட்டும். கோச் வேலை மட்டும் தெரிந்தவரைவிட ஜிம்மும் நடத்தத் தெரிந்தவரைச் சிறு கல்லூரி சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கோச் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் வாரம் மரியாதை கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: இவர்களுக்கெல்லாம் ஓய்வு வயது கிடையாதா?

இப்போது பெரும்பாலும் அவரவர் முடிவு. அன்று அப்படியில்லை. நெய்ஸ்மித்தின் மாணவர் ஃபாக் ஆலன், தசை எலும்புச் சிகிச்சை படித்தவர், கான்சாஸில் 39 சீசன் கோச்சாக இருந்தார். பின்னாளில் பெரும் ஆட்டக்காரரான வில்ட் சேம்பர்லெயினைத் தேடிப்பிடித்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அப்போதைய விதி. சேம்பர்லெயின் அந்த ஒரு வருஷம் காத்திருந்தார். அதற்குள் ஆலனுக்கு 70 வயது நிரம்பிவிட, 1956-ல் கட்டாய ஓய்வில் போக வேண்டியதாயிற்று. அடுத்த மார்ச்சில் வேறொரு கோச்சின் கீழ் அந்த அணி இறுதியாட்டம் வரை போய், மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி, நார்த் கரோலினாவிடம் 54-53 என்று தோற்றது.