அப்பாவின் மார்க்கா – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலூரில் வெல்ல மண்டி வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. முப்பத்தெட்டு வருடம் அவர் நடத்தினார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகள் காய்ச்சிக் கொண்டுவரும் வெல்லம்தான் எங்களுக்குப் பெரும்பாலும் வரும். மருந்து போட்டு மஞ்சளாக்கிய வெல்லத்தை அப்பா கடைக்குள் விடமாட்டார். கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்பார். தேறிய மூட்டையில் மட்டும் நீல மையால் எங்கள் மார்க்காவைப் போடுவார். அதைப் பார்த்துவிட்டால் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி கடைக்காரர்கள்கூட மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

போன பொங்கலுக்குச் சரக்குப் பற்றாக்குறை. பழைய வாடிக்கையாளர்களிடம் இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. பழக்கமில்லாத ஒரு தரகர் மூலமாக அறுபது மூட்டை எடுத்தேன். நல்ல பொன் நிறம். சந்தேகம் வந்தது. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மார்க்காவைப் போட்டு அனுப்பிவிட்டேன். மிஞ்சிய நான்கு மூட்டை குடோனில் கிடந்தது. மாசிக் கடைசியில் பிரித்துப் பார்த்தால் நிறம் கருத்துப்போயிருந்தது. நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸ் மருந்து போட்ட சரக்கு என்று அப்போது புரிந்துவிட்டது.

யாரும் புகார் சொல்லவில்லை. ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. இப்போது எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது. "உங்க அப்பா மாதிரி நாணயமான ஆளு, நீதான் தலைவரா நிக்கணும்" என்று பெரியவர்கள் மூன்று பேர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பேர் கெடவில்லை. விஷயம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். இதை வெளியே சொல்லி, அப்பா சம்பாதித்த பேரை நானே கெடுக்க வேண்டுமா? இனிமேல் ஒழுங்காக இருந்தால் போதாதா?

பெயர் வெளியிட வேண்டாம்,
வேலூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் நேராகக் கேட்டதால் பதிலையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி ஏன் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு வியாபாரியைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய நல்ல வார்த்தை நாணயம். காசுக்கும் அதே வார்த்தைதான். காசை யாரும் உரசிப் பார்த்து வாங்குவதில்லை. மேலே இருக்கும் முத்திரையை நம்பி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். உங்கள் அப்பாவின் நீல மார்க்காவும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. கிருஷ்ணகிரிக் கடைக்காரர் மூட்டையைப் பிரிக்காமல் வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். வெல்லம் எல்லா மண்டியிலும் கிடைக்கும். பிரித்துப் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி உங்கள் மண்டியில்தான் கிடைத்தது. முப்பத்தெட்டு வருடமாக உங்கள் அப்பா விற்றது அந்த நிம்மதியையும் சேர்த்துத்தான்.

அவர் பிரித்துப் பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? நிறம் தெரியும், ருசி தெரியும். கொதிக்கும் பாகில் ஹைட்ரோஸை, அதாவது சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் போட்டால் நிறம் வெளுக்கும். கந்தகம் உள்ளே தங்கிவிடும். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அது 70ஆ 300ஆ என்று நாக்குக்குத் தெரியாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது இழுப்பைக் கிளப்பிவிடும். பொங்கல் அன்று எத்தனை வீட்டுப் பானைகளில் அந்த ஐம்பத்தாறு மூட்டையும் கரைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். ஆனால் யாருக்கும் சோதித்துப் பார்க்க வழியில்லாத இடத்தில்தான் ஒருவருடைய பேர் வேலை செய்கிறது. அங்கேதான் நீங்கள் அதைத் தெரியாத ஒரு தரகருக்கு இரவல் கொடுத்திருக்கிறீர்கள்.

இரவல் என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 2022இல் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நிதி நிறுவனங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் பலர் நிறுவனத்தைப் பார்த்துப் பணம் கட்டவில்லை. அதன் முதலாளியின் முகம்கூடப் பலருக்குத் தெரியாது. ஊரில் மரியாதையாக இருந்த ஒருவர், சொந்தக்காரர், கூட வேலை பார்ப்பவர், "நானும் போட்டிருக்கேன்" என்று சொன்னதைக் கேட்டுக் கட்டினார்கள். அப்படி ஆள் சேர்த்த ஏஜென்ட்டுகளிலும் பலர் நல்ல மனிதர்கள்தான். தங்களுக்கே தெரியாத ஒன்றுக்குத் தங்கள் மார்க்காவைப் போட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் அப்பா விஷயம் ஒன்று சொல்கிறேன். அவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் கணக்கு எழுதினார். 1989 கடைசியில் மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தது. ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அடிக்கும் மருந்து அது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வர முடியாது. நம் பக்கத்தில் அதுவரை அதைச் சாதாரணமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முதலாளிக்கு ஒரு லாட் அங்கே நின்றுவிட்டது. நஷ்டம்தான், ஆனால் அது ஒரே ஒரு பையரோடு, அதாவது சரக்கு வாங்குகிறவரோடு, முடிந்துபோகிற விஷயம். வேறு இரண்டு பையர்களுக்குப் போயிருந்த சரக்கிலும் அதே மருந்து இருந்தது. அவர்கள் இன்னும் சோதிக்கவில்லை. முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். இன்ன தேதியில் அனுப்பிய சரக்கில் இந்த மருந்து இருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று. அப்பாவுக்குக் கை ஓடவில்லை. "பாய், கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதிலு?" என்று கேட்டிருக்கிறார். "அவன் நம்மளைக் கேக்காம வாங்குறான் இல்ல, அதுக்குத்தான்" என்றாராம் அவர்.

ஒரு பையர் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முதலில் அதைத்தான் சொல்வார், அதனால் நானும் மறைக்கவில்லை. இன்னொருவர் இருந்தார். அவரும் சும்மா இருக்கவில்லை. அதற்கப்புறம் பல வருடம், ஒவ்வொரு லாட்டுக்கும் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டார். ஆனால் பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் சரக்கு நனைந்து தகராறு வந்தபோது, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அனுப்புவதற்கு முன்னால் போன் போட்டு, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எவ்வளவு கழிக்கலாம்?" என்று முதலாளியிடமே கேட்டார். சொன்ன தொகையை ஒப்புக்கொண்டார்.

அதே மனிதரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். ஜெர்மனியில் அத்தனை நல்ல பேர் எடுத்த அந்த ஷெட்டின் கழிவுநீர், அந்தக் காலத்து மற்ற ஷெட்டுகளைப் போலவே, பாலாற்றுப் பக்கம்தான் போனது. 1996 ஆகஸ்ட்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் நிலைநாட்டியது. தோல் ஷெட்டுகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பணம் கொடுக்கிற பையரிடம் நாணயம் காட்டியவர், கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன விவசாயியிடம் என்ன பேர் வாங்கினார் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உங்கள் சங்கத் தேர்தல். ஒரு மண்டி முதலாளிக்கு அவருடைய வாடிக்கையாளரிடம் பேர் இருந்தால் போதும். சங்கத் தலைவருக்கு அது போதாது. வெல்லம் காய்ச்சுகிறவர், மூட்டை தூக்குகிறவர், சின்னக் கடைக்காரர், வாங்கித் தின்னும் வீடு, இவர்களெல்லாம் வேலூர் வெல்லம் என்று சொல்லும்போது என்ன நினைக்கிறார்கள் என்பது அவர் தலையில் வந்து விழும். உங்கள் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்கான 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பொருளின் தரம், பேர், மற்ற குணம், இதில் ஏதோ ஒன்று அந்த மண்ணால் வந்திருக்க வேண்டும் என்கிறது. பேர் என்பதைச் சட்டமே தனியாக எழுதி வைத்திருக்கிறது. நாளைக்கு வேலூர் வெல்லத்துக்கு அப்படிக் கேட்க நினைத்தால், உங்கள் பஜாரில் ஒருவர் செய்ததை எல்லோரும் சுமக்க வேண்டிவரும்.

தலைமையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு நம் வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வரும். 1806 ஜூலை 10 விடியுமுன் அங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு என்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்பே முஸ்தபா பேக் என்ற ஒரு சிப்பாய் தன் கர்னலிடம் போய், இப்படி ஒன்று நடக்கப் போகிறது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியா, துரோகமா என்பது வேறு கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. கர்னல் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். படையில் நல்ல பேர் எடுத்த இந்திய அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். அவர்கள் இந்த ஆளுக்குப் பைத்தியம் என்றார்கள். முஸ்தபா பேக்கைக் காவலில் வைத்துவிட்டார்கள். பேர் உள்ளவர்கள் சொன்னதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரு புகார்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆறுதல் தேடுகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஐம்பத்தாறு மூட்டையில் ஒன்றுகூட மாசிவரை யார் கடையிலும் மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கும், கருத்துமிருக்கும். உங்கள் அப்பாவின் பேரை நினைத்து, சரக்கில் தப்பிருக்காது, நாம்தான் ஈரத்தில் வைத்துவிட்டோம் போல என்று யாரோ தன் கடைப் பையனைத் திட்டியிருக்கவும் கூடும். தலைவரான பிறகு இந்த மௌனம் இன்னும் கூடும். உங்களிடம் குறை சொல்ல வருகிறவருக்கு ஒன்றுக்கு இரண்டு முறை யோசனை வரும். அதனால்தான் நிற்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்கிறேன்.

எப்படிச் சொல்வது? ஊரைக் கூட்ட வேண்டாம். அந்தச் சரக்கு போன கடைகளின் பட்டியல் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் போடுங்கள், கணக்குப்பிள்ளையிடம் விடாதீர்கள். தரகரைத் திட்டுவதில் ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "பொங்கலுக்கு அனுப்பின சரக்குல மருந்து இருந்திருக்கு, சந்தேகம் வந்தும் மார்க்கா போட்டது நான், மிச்சம் இருந்தா எடுத்துக்கிறேன், இல்லாட்டி கணக்குல கழிச்சுக்கலாம்" என்று சொன்னால் போதும். பணம் கொஞ்சம் போகும். ஓரிரண்டு கடையும் போகலாம். அப்புறம் அந்த மூன்று பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். வேண்டாமென்றால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். அந்த முடிவை அவர்களிடம் விடுவதுதான் முறை. அவர்கள் உங்கள் வீட்டுப் படி ஏறி வந்தது, தாங்கள் நம்பிய ஒன்றை வைத்துத்தான்.

குடோனில் இருக்கும் நான்கு மூட்டையைத் தூக்கிப் போடுமுன் அதில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கட்டணம் கட்டி ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்கக் கொடுங்கள். எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் வந்தால் உங்களுக்கும் மனசு தெளியும், பேசும்போது ஊகமாகவும் இருக்காது.

இனி வெளிச் சரக்கு எடுக்க நேர்ந்தால் மார்க்கா போடாமல் விற்கலாம். அதில் தப்பே இல்லை. "இது நம்ம சரக்கு இல்லை" என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் பிரித்துப் பார்த்துக்கொள்வார். அடுத்த பருவத்தில் ஆலை ஓடத் தொடங்கும்போது அணைக்கட்டுப் பக்கம் இரண்டு நாள் போய்க் கொப்பரைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கறுப்பு வெல்லத்துக்கு விலை குறைகிறது என்ற கவலையில்தான் அவர்களில் சிலர் மருந்துப் பக்கம் போகிறார்கள். மருந்து போடாத மூட்டைக்கு நீங்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க முடியும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். அவர்கள் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

அன்புடன்.