வகுப்பறையின் மூன்று நிமிடம் – கடிதம்

ஐயா,
பதினொரு வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். போகாத பயிற்சி முகாம் இல்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். ஆனாலும் மாணவர்கள் வாய் திறப்பதில்லை. என் உச்சரிப்புதான் குறையா? அடுத்து எந்தச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம்?
ர.

அன்புள்ள ர.,

உச்சரிப்பை விடுங்கள், மாணவர்களுக்குப் புரிந்தால் போதும். சான்றிதழைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஞாபகம் இருந்தால். என்னை நிறுத்தியது அந்த நாட்குறிப்புப் பக்கம். ‘வகுப்பு நன்றாகப் போனது. பின்வரிசை சற்றுச் சோர்வு. நாளை இன்னும் உற்சாகமாக நடத்த வேண்டும்.’ கோபித்துக்கொள்ளாதீர்கள், இது வானிலை அறிக்கை. பதினொரு வருடம் இதையா எழுதினீர்கள்?

செயலின் நடுவே சிந்திப்பது, செயல் முடிந்தபின் சிந்திப்பது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் பிரித்துக் காட்டினார். பயிற்சி முகாம்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் ஒரு படிவமாக்கிவிட்டன. முடிந்தபின் சிந்திக்கக் கையில் ஏதாவது வேண்டாமா? வகுப்பில் சொல்ல நினைத்தது நமக்கு நினைவிருக்கும். சொன்னது இருக்காது.

ஒலிப்பதிவு செய்யுங்கள். மாணவர்களிடம் சொல்லிவிட்டு, கைபேசியை உங்கள் மேசையில் வைக்காமல் வகுப்பின் நடுவில் வையுங்கள். உங்கள் மேசையில் இருந்தால் உங்கள் குரல் மட்டும்தான் பதியும். முழு வகுப்பையும் பதியாதீர்கள், யாரும் அதைத் திரும்பக் கேட்பதில்லை. கேள்வி பதில் நடக்கும் பத்து நிமிடம் போதும். அதில் மூன்று நிமிடத்தைச் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதுங்கள். அரை மணிக்கு மேல் ஆகும். உங்கள் இலக்கணப் பிழையைத் திருத்தி எழுதக் கை துறுதுறுக்கும். திருத்தினால் அத்தனையும் வீண். மௌனத்தையும் விநாடிக் கணக்கில் குறியுங்கள்.

இனி எண்ணுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள்? அவற்றில் விடை உங்களுக்கே முன்பே தெரிந்தவை எத்தனை? மாணவரின் பதிலில் எத்தனை சொற்கள்? பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

மௌனத்துக்கு வருவோம், உங்கள் வியாதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் கண்டார். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. அதுவும் தாய்மொழியில். அந்நிய மொழியில் கேள்வியைப் புரிந்து, சொல் தேடி, வாக்கியம் கட்டி, பயத்தை விழுங்கிவிட்டு வாய் திறக்க வேண்டும். நீங்களோ அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டிருப்பீர்கள், அல்லது பதிலை நீங்களே சொல்லியிருப்பீர்கள். பிறகு ‘பின்வரிசை சோர்வு’ என்று எழுதுகிறீர்கள்!

இன்னொரு காத்திருப்பு உண்டு. மாணவர் ஒரு சொல் சொன்னதும் ‘வெரி குட்’ என்று கதவைச் சாத்துகிறோமே, அங்கே. மூன்று விநாடி பேசாமல் அவர் முகத்தைப் பாருங்கள். இரண்டாவது வாக்கியம் பல நேரம் அந்த இடைவெளியில்தான் வரும்.

பிழை திருத்தத்தையும் தாளில் தேடுங்கள். ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்கிறார் மாணவர். ‘ஓ, யூ வென்ட்?’ என்கிறீர்கள். ‘யெஸ்’ என்கிறார். திருத்தியதாக நீங்கள் நினைக்கிறீர்கள், ஆமோதித்ததாக அவர் நினைக்கிறார். மொழிக் கல்வி ஆய்வாளர்கள் லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்விலும் ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட திருத்தம் இதுவே, மாணவர் கவனித்துப் பதில் தந்ததில் கடைசியும் இதுவே. ‘யெஸ்டர்டே ஐ...’ என்று இழுத்து நிறுத்துங்கள், அவரே முடிக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். முதலில் காத்திருப்பு மட்டும். இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில், அதே மாதிரிப் பயிற்சியில் மறுபடி பதிந்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு சக ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவர் பாராட்டவோ குறை சொல்லவோ வேண்டாம், தாளில் இருப்பதை உரக்கப் படித்தால் போதும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கில ஆசிரியர்களுக்குக் கேம்பிரிட்ஜ் தரும் சான்றிதழ்களில் செல்டா (CELTA) புதியவர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம். அனுபவமுள்ளவர்களுக்கான டெல்டாவின் (Delta) இரண்டாம் பகுதியில் உங்கள் வகுப்பை ஒருவர் வந்து பார்ப்பார். சேர்வதானால் அதில் சேருங்கள், அந்த இரண்டு தாள்களையும் எழுதி முடித்தபின்.