நடுவில் அமுங்கும் கேக், வழியில் உருகும் கிரீம்

கேள்வி: கணவரின் பிறந்தநாளுக்கு 28 லிட்டர் ஓடிஜியில் (மின்சார ஓவன்) வெண்ணெய் கேக் செய்தேன். ஒன்றேகால் கப் மைதா, 150 கிராம் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, 3 முட்டை, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா. 180 டிகிரியில் வைத்தேன். நன்றாக எழும்பி வந்தது. 20 நிமிடத்தில் திறந்து பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. அடுத்த முறை திறக்கவே இல்லை. கோபுரம் மாதிரி எழும்பி உச்சியில் வெடித்தது. உச்சியைச் சீவிவிட்டு, நடுவே அன்னாசித் துண்டும் கிரீமும் வைத்து, ஸ்கூட்டரில் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் கிரீம் வழிந்துவிட்டது. லேசாகக் கசக்கவும் செய்தது. ஆனால் இட்லிப் பானையில் செய்யும் கேரமல் புட்டிங் மட்டும் எனக்கு ஒருநாளும் சொதப்பியதில்லை. அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள். கேக் எனக்கு வரவே வராதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வரும். புட்டிங் ஏன் சொதப்புவதில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 டிகிரியை ஒட்டி இறுகும். அதற்கு மேல் அதிகம் போனால் திரிந்து ஓட்டை ஓட்டையாகிவிடும். இட்லிப் பானைத் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. நீங்கள் தீயைக் குறைத்தும் வைத்திருப்பீர்கள். ஆக, சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது. கேக்கில் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது: வெண்ணெயின் சூடு, ஓடிஜியின் சூடு, கிரீமின் சூடு. நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் கசப்பைத் தவிர மற்ற எல்லாமே இந்த மூன்றில் ஒன்றோடு தொடர்புடையவை.

வெண்ணெயில் இருந்து தொடங்குவோம். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது கரைப்பதற்காக அல்ல. சர்க்கரையின் மணிகள் வெண்ணெயைக் கீறிக் கீறி, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை அதற்குள் அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் குமிழிகளை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். வெண்ணெய் 18 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால்தான் அந்தக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்' என்று குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்க்காரர்கள். திருச்சியில் சித்திரை மாதத்து அறை வெப்பநிலையில் வெண்ணெய் பாதி எண்ணெய். அதில் காற்று நிற்காது, கேக் கனமாக வரும். 'பொங்கவில்லையே' என்று பேக்கிங் பவுடரைக் கூட்டத் தோன்றும். உங்கள் 2 டீஸ்பூனும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, 10 நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலுக்குச் சில்லென்று இருக்க வேண்டும். மேற்பரப்பு பளபளத்தால் பதம் தாண்டிவிட்டது. திரும்ப 10 நிமிடம் உள்ளே வையுங்கள். சர்க்கரையை மாவாக அரைக்காதீர்கள், மணி இல்லாவிட்டால் கீறாது. மிக்ஸியில் இரண்டே சுற்று, பொடி ரவைப் பதம் போதும். கை பீட்டரில் நடுத்தர வேகத்தில் 4 முதல் 5 நிமிடம் அடித்தால் மஞ்சள் நிறம் வெளிறி, தந்த நிறத்துக்கு வரும். இதை மிக்ஸி ஜாரில் செய்யாதீர்கள், பிளேடின் சூட்டிலேயே வெண்ணெய் உருகிவிடும். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுதும் கலந்த பிறகு அடுத்தது. கலவை திரிந்த மோர் போலத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் மைதா தூவி அடியுங்கள், சேர்ந்துகொள்ளும். மீதி மைதாவைச் சலித்துக் கொட்டியபின் பீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, வெள்ளை மறைந்ததும் நிறுத்த வேண்டும்.

இனி அளவு. 150 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும். ஒன்றேகால் என்பது உச்சவரம்பு. உங்கள் கேக்கில் தயிரோ மோரோ எலுமிச்சையோ இல்லாததால் சோடாவுக்கு அங்கே வேலையே இல்லை. புளிப்பு கிடைக்காத சோடா அப்படியே தங்கி, சோப்பு மாதிரி ஒரு வாடையை விட்டுவிடும். தவிர, அது பேக்கிங் பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வீரியமானது. அரை டீஸ்பூனைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று மடங்குக்கு மேல் பொங்கும் சக்தியை அந்த மாவில் போட்டிருக்கிறீர்கள். குமிழிகள் அளவுக்கு மீறி ஊதி, ஒன்றோடொன்று சேர்ந்து உடைகின்றன. மாவு இறுகிச் சுவர் பிடிப்பதற்குள் கூரை சரிகிறது.

அடுத்த முறை அமுங்கினால் வெட்டிப் பாருங்கள். பெரிய பெரிய ஓட்டைகளோடு சொரசொரவென்று இருந்தால் பேக்கிங் பவுடர் அதிகம். பள்ளத்துக்குக் கீழே களி போல ஈரக் கோடு தெரிந்தால் வேகவில்லை, அல்லது பாதியில் கதவைத் திறந்திருக்கிறீர்கள். முதல் கேக்கில் இரண்டுமே இருந்திருக்கும்.

ஒரு கப் என்பதையும் நம்பாதீர்கள். 240 மில்லி கப்பில் சலித்துப் போட்ட மைதா 120 கிராமுக்குள் நிற்கும்; பாக்கெட்டில் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 150ஐத் தொடும். பூப்போடும் நாசில் செட் வாங்கும் காசில் முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கலாம்.

ஓடிஜிக்கு வருவோம். டயலில் 180 என்று திருப்பினால் உள்ளே 180 இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 15, 20 டிகிரி ஏறி இறங்கி இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது வரும்வரை சர்க்கரையை வைத்தே சோதிக்கலாம். சர்க்கரை 186 டிகிரியை ஒட்டி உருகும். ஃபாயிலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி, சூடேறிய ஓடிஜியில் டயல் 175இல் 15 நிமிடம் வையுங்கள். உருகினால் உங்கள் ஓடிஜி சொல்வதைவிட அதிகம் சுடுகிறது. உருகாவிட்டால் வேறு சர்க்கரை வைத்து 190இல் 15 நிமிடம். அப்போதும் உருகவில்லை என்றால் குறைவாகச் சுடுகிறது. இந்த வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதி ஓடிஜியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.

வெடித்த கேக் எனக்குச் சொல்வது, உங்களுடையது அதிகம் சுடுகிறது என்பதுதான். 28 லிட்டர் பெட்டியில் மேல் ராடுக்கும் டின்னுக்கும் அதிக இடைவெளி இருக்காது. சூடு மிஞ்சினால் டின்னின் ஓரமும் மேல்தோலும் முதலில் இறுகிவிடும். நடு மாவு இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு வெளியேற ஒரே வழி உச்சியைப் பிளப்பது. கறுப்பு டின் என்றால் ஓரம் இன்னும் சீக்கிரம் இறுகும். சாதாரண அலுமினிய டின்னே நல்லது. இந்த அளவுக்கு 7 அங்குல வட்டம், மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல். கம்பித் தட்டை ஒரு படி கீழே இறக்கி, இரண்டு ராடும் எரியும்படி வைத்து, 160 முதல் 165 டிகிரி போதும். 40 நிமிடம் ஆகும்.

மேல்புறம் மட்டமாக வேண்டுமானால் பழைய டர்க்கி டவலில் டின்னின் உயரத்துக்கு ஒரு பட்டை கிழித்து, நனைத்துப் பிழிந்து, ஃபாயிலில் மடித்து டின்னைச் சுற்றிக் கட்டுங்கள். அது ராடில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கும்வரை ஓரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நடுவும் ஓரமும் ஒன்றாக எழும்பும். உங்கள் இட்லிப் பானைக் கதைதான் இங்கேயும்.

முன்கூட்டியே சூடேற்றுவது 15 நிமிடம். ஓடிஜியின் விளக்கு அணைந்தது காற்று சூடானதற்கு அடையாளம். சுவரும் தட்டும் சூடேற இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு. தெருவெல்லாம் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 230இல் இருந்து 190க்கு இறங்கினால் ராடின் சூட்டுத்திறன் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அப்போது கதவைத் திறந்தால் போன சூடு திரும்புவதற்குள் கேக் உட்கார்ந்துவிடும். காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், 30 நிமிடம் வரை கதவைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகு மேல்புறம் சிவந்திருந்தால் மட்டும் ஒரு ஃபாயில் தாளை மேலே போட்டுவிட்டுச் சட்டென்று மூடுங்கள். வெந்ததற்கு அடையாளம்: ஓரம் டின்னை விட்டு லேசாக விலகும், நடுவில் விரலால் தொட்டால் திரும்ப எழும்பும், குச்சி சுத்தமாக வரும்.

கசப்புக்குக் காரணம் வேகவைக்காத பச்சை அன்னாசி. அதில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. பால் புரதம் உள்ள கிரீமோடு சேர்ந்தால் அதை நீர்க்கச் செய்து கசக்கவும் வைக்கும். ஜெலட்டின் போட்ட ஜெல்லி பச்சை அன்னாசியோடு உறையாமல் போவதும் இதனால்தான். (கடல்பாசி புரதம் அல்ல என்பதால் அது உறையும்.) பழத்தைப் பொடியாக நறுக்கி, 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு 8 நிமிடம் வேகவையுங்கள், நொதி செத்துவிடும். முழுதும் ஆறவைத்து வடிகட்டி, பழத்தைக் கிரீமிலும் பாகைக் கேக்கை நனைக்கவும் வைத்துக்கொள்ளலாம். டின் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, தொந்தரவில்லை.

கிரீமைப் பொறுத்தவரை, பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கொழுப்பு ஃப்ரெஷ் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. விப்பிங் கிரீம் என்றே கேட்டு வாங்குங்கள், 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். உறைந்த நிலையில் விற்கும் தாவரக் கொழுப்புக் கிரீம் நம் வெயிலை இன்னும் கொஞ்சம் தாங்கும். அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும். முந்தின இரவே ஃப்ரீசரில் இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, பனித்துகள் லேசாக மிச்சமிருக்கும்போது அடிக்க வேண்டும். பாத்திரமும் பீட்டர் கம்பிகளும் 20 நிமிடம் ஃப்ரீசரில் இருக்கட்டும். அடித்து அடித்துத் திரிதிரியாகிவிட்டால், அடிக்காத கிரீம் 2 ஸ்பூன் ஊற்றி மெதுவாகப் புரட்டுங்கள், பெரும்பாலும் மீண்டுவிடும். கேக் வெதுவெதுப்பாக இருந்தால் இத்தனையும் வீண்.

மகளின் பிறந்தநாளுக்கு, முந்தின நாள் காலையில் கேக்கைச் சுட்டு, 10 நிமிடம் டின்னிலும் 2 மணி நேரம் கம்பித் தட்டிலும் ஆறவிட்டு, கிளிங் ஃபிலிம் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த கேக் உதிராமல் வெட்டுப்படும். அன்னாசியையும் அன்றே வேகவைத்துவிடலாம். மறுநாள் காலை கிரீம் பூசி, குறைந்தது 4 மணி நேரம் குளிரவிடுங்கள்.

வீட்டிலேயே வெட்டுவது என்றால் இது போதும். மாமியார் வீட்டில் என்றால், ஸ்கூட்டரில் கிரீம் கேக் கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆறிய கேக்கைத் தனியாகவும், அடித்த கிரீமை அகலவாய் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போலக் குளிரவைத்தும் எடுத்துப்போய் அங்கே பூசுங்கள். இல்லையென்றால் சாக்லேட் பூச்சு. குளிர் ஊர்களில் சாக்லேட்டும் கிரீமும் சம அளவு. இங்கே 200 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு 100 கிராம் ஃப்ரெஷ் கிரீம். கிரீமைக் கொதி வரும்முன் இறக்கி, துருவிய காம்பவுண்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். பூசிக் குளிரவைத்து, தெர்மாகோல் பெட்டியில் இருபுறமும் ஐஸ் ஜெல் பாக்கெட் வைத்தால் அரை மணி நேரப் பயணத்தைத் தாங்கும்.

அப்படியும் அமுங்கிவிட்டால், வெந்த ஓரங்களைத் துண்டாக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கஸ்டர்டும் வெந்த அன்னாசியும் அடுக்கிக் குளிரவைத்துப் பரிமாறலாம். மகள் மெழுகுவர்த்தியை அதில்கூடக் குத்திவைத்து ஊதிக்கொள்வாள். நடுவிலுள்ள வேகாத மாவை மட்டும் எறிந்துவிடுங்கள், அது பச்சை முட்டை.