டான்யூப் தண்ணீரும் களர் ஏரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வியன்னாவில் கட்டுமானப் பொறியாளனாக இருக்கிறேன். சென்ற கோடையில் குடும்பத்தோடு நொய்சீட்லர் ஏரிக்குப் போயிருந்தோம். கலங்கல் தண்ணீர், துறையில் சேற்றில் உட்கார்ந்துவிட்ட படகுகள். ஆஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் பொதுவான ஏரி, 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஹங்கேரிக் கரையில் ஹோட்டல் கட்டினால் தடுக்கிறார்கள். டான்யூபிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாம் என்றால் அதற்கும் எதிர்ப்பு. பாரம்பரியம் என்ற பட்டம் உள்ளூர்க்காரன் பிழைப்பில் மண்ணைப் போடத்தானா?

ர.

அன்புள்ள ர.,

ஹோட்டலை முதலில் முடித்துவிடுகிறேன். ஹங்கேரிக் கரையிலுள்ள ஃபெர்தோராகோஷ் ஊரில் தூண்கள்மேல் நின்ற பழைய மரக்குடில்களை இடித்துவிட்டு ஹோட்டல், படகுத்துறை, வாகன நிறுத்தம் என்று பெரிதாகத் தொடங்கினார்கள். பாதிப்பு எல்லை தாண்டுமென்றால் பக்கத்து நாட்டையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்கிறது 1991இன் எஸ்போ உடன்படிக்கை. அது ஒழுங்காக நடக்கவில்லை என்று ஆஸ்திரியாவிலிருந்து புகார் எழுந்தது. 2022இல் வேலை நின்றது. இதில் யுனெஸ்கோவைத் திட்ட எதுவுமில்லை. அவர்கள் பட்டியலில் சேர்த்தது ஆள் புகாத காட்டை அல்ல. திராட்சைத் தோட்டம், ரூஸ்ட் நகரம், ஃபெர்தோத் அரண்மனை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பிழைப்பும் சேர்ந்ததுதான் அந்தப் பாரம்பரியம்.

ஆனால் டான்யூப் தண்ணீரை ஏதோ குழாயைத் திருப்புகிற மாதிரி ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பொறியாளர் நீங்கள். எந்தத் தண்ணீர், எதில் போய்ச் சேருகிறது என்று கேட்டிருக்க வேண்டாமா?

ஏறத்தாழ 320 சதுர கிலோமீட்டர் ஏரி. அதில் பாதிக்கு மேல் நாணல். மிக ஆழமான இடத்திலும் இரண்டு மீட்டர் கிடையாது. வருகிற தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு நேராக மேலே விழும் மழை. போவதில் பத்தில் ஒன்பது பங்கு ஆவி. இயற்கையான வடிகால் இல்லாததால் உப்பு தங்கிவிடுகிறது. அது சமையல் உப்பு அல்ல, பெரும்பாலும் சோடா உப்பு. நம் ஊர் விவசாயி களர் என்று சொல்வானே, அதே குணம்தான். களரில் நுண்ணிய களிமண் படியாமல் மிதக்கும். நீங்கள் பார்த்த கலங்கல் அழுக்கு இல்லை ஐயா, அந்த ஏரியின் ஆரோக்கியம். வெளிச்சம் உள்ளே இறங்காததால் பாசியும் நீர்க்களையும் கட்டுக்குள் இருக்கின்றன.

களர் வயலுக்கு ஏன் ஜிப்சம் போடுகிறோம்? அதிலுள்ள கால்சியம் மண்ணிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும். களிமண் திரளும், தண்ணீர் இறங்கும், வயல் திருந்தும். நெல்லுக்கு நல்லது. டான்யூப் தண்ணீரிலும் கால்சியம் கரைந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டால் களி படிந்து தண்ணீர் தெளியும், சுற்றுலாக்காரர்கள் படமெடுப்பார்கள். கூடவே வரும் நைட்ரேட்டைத் தின்று பாசி பிடிக்கும். நீர்ச்சூழலியலாளர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

இதைவிட மோசமானது மதகு. ஏரியை வற்றவைத்து நிலமாக்க 1895 முதல் 1909 வரை ஐன்ஸர் கால்வாயை வெட்டினார்கள். ஏரி வற்றவில்லை, கால்வாய் மட்டும் மிஞ்சியது. அதன் மதகு ஹங்கேரிப் பகுதியில், மெக்ஸிகோபுஸ்தாவில் இருக்கிறது. எப்போது திறப்பது என்பதை 1956 உடன்படிக்கையின்படி அமைந்த இரு நாட்டு நீர் ஆணையம் தீர்மானிக்கிறது. மதகு திறக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரோடு உப்பும் வெளியேறுகிறது. மழை தண்ணீரைத் திருப்பித் தரும், உப்பைத் தராது. இப்போது கணக்குப் போடுங்கள். வறட்சி ஆண்டில் ஆற்றுநீரால் நிரப்புகிறீர்கள். அடுத்த இரண்டு ஆண்டு நல்ல மழை பெய்தால் கரையோர ஊர்களைக் காக்க மதகைத் திறந்துதான் ஆக வேண்டும். நல்ல தண்ணீர் உள்ளே வர, உப்புத் தண்ணீர் வெளியே போகும். இப்படி நாலு சுற்று போனால் மிஞ்சுவது நாணல் முளைத்த சாதாரணக் குளம்.

2022இல் நீர்மட்டம் 1965க்குப் பிறகு மிகத் தாழ்ந்தது, உண்மைதான். ஆனால் 1860களின் பிற்பகுதியில் ஏரி முழுதாகவே வற்றி, படுகையைப் பங்குபோட்டு உழவே தொடங்கிவிட்டார்கள். பிறகு தண்ணீர் வந்தது. வற்றும்போது சேறு காற்றுபட்டு மட்கி இறுகும். இந்த ஏரிக்கு அதுதான் தூர்வாரல்.

ஏரிக்குக் கிழக்கே ஸேவிங்கெல் பகுதியின் சோடாக் குட்டைகள் நிலைமைதான் உண்மையில் அவசரம். அங்கே உப்பு நிலத்தடி நீரிலிருந்து மண்ணின் நுண்துளை வழியாக மேலேறி வருகிறது. நிலத்தடி நீர்மட்டம் மண்ணுக்குள் இருக்கும் உப்புப் படலத்துக்குக் கீழே இறங்கினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பிறகு பெய்யும் மழை உப்பைக் கீழே கழுவிவிட, குட்டையைப் புல் மூடிவிடும். அப்புறம் எத்தனை லாரி தண்ணீர் ஊற்றினாலும் அது மீளாது. காரணம் பழைய வடிகால் வாய்க்கால்களும் பாசனக் கிணறுகளும். செய்ய வேண்டியது சிறிய வேலை: இலையுதிர் காலத்திலேயே வாய்க்காலில் பலகை போட்டு மறித்துக் குளிர்காலத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது. இதில் சிக்கல் வருவது வீடுகளால். வறண்ட ஆண்டுகளில் கட்டிய நிலவறைகள் பழைய நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பலகை ஏறியதும் ஊறும். ஆகவே எந்த வாய்க்காலில் பலகை எத்தனை சென்டிமீட்டர் உயரம், உழவுக்கு முன் அதை எப்போது இறக்குவது என்று ஊர் ஊராகப் பேசித்தான் முடிக்க வேண்டும். கல்வெட்டும் திறப்புவிழாவும் இல்லாத வேலை, எந்த அமைச்சருக்குப் பிடிக்கும்?

பிழைப்பு என்றீர்களே, நாணலைப் பாருங்கள். கூரைக்கு ஓராண்டுத் தண்டுதான் ஆகும். 60 சென்டிமீட்டர் சுற்றளவுக் கட்டாகக் கட்டி விற்பார்கள். ஏரி உறைந்த குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் நின்று வெட்டினால் கேடில்லை. உறையாத குளிர்காலத்தில் இயந்திரம் சேற்றில் இறங்கி வேர்த்தண்டை நசுக்கிவிடும். அடிக்கட்டை தண்ணீருக்குள் மூழ்கினால் காற்றுக்குழாய் அடைபட்டு வேர் அழுகும். முழுக்க வெட்டவும் கூடாது, கருமீசைக் கதிர்க்குருவிக்குப் பழைய சாய்ந்த நாணல் வேண்டும். ஆகவே திட்டுத்திட்டாக, ஆண்டு மாற்றி வெட்ட வேண்டும். நாணலும் பறவையும் எல்லையைப் பார்ப்பதில்லை என்பதால், இரு கரையும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்தச் சுழற்சியைப் போட்டால்தான் பலன்.

மதகு இயக்க விதிகளைத் தேடிப் படியுங்கள். ஜெர்மன் உங்களுக்குத் தெரியும். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், ஹோட்டலைப் பற்றி வேண்டாம்.