குடல் பாக்டீரியாவும் குழந்தைகளின் கல்லீரலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்குக் கொழுப்புக் கல்லீரல். குடலில் உள்ள பாக்டீரியாவுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக நேரே வந்து சேர்கிறது. குடற்சுவரின் காப்பு தளர்ந்தால் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சும் அதே வழியில் வந்து, கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்களைத் தூண்டி அழற்சியை வளர்க்கிறது. சில பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயமே தயாரிக்கின்றன. ஆயினும் எடை, உணவு, மரபு ஆகியவற்றை விட்டுவிட்டுப் பழி முழுவதையும் பாக்டீரியாவின் மேல் போட முடியாது.

கொழுப்புக் கல்லீரலுக்கு எந்தப் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்து அல்லது பானம்) நல்லது?

வயது, எடை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. இரத்தப் பரிசோதனை அளவு எதையும் எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? குழந்தைகளிடம் நடந்த சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தாலும், இன்ன வகை, இன்ன அளவு என்று பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. விளம்பரங்களோ முடிவு தெரிந்துவிட்டதுபோலப் பேசுகின்றன. காலையில் புரோபயாடிக் பானம், மாலையில் பாக்கெட் பழச்சாறு என்று கொடுக்கும் பெற்றோரைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பானங்களில் பலவற்றிலும் சர்க்கரை இருக்கிறது என்பதை லேபிளைப் படித்தாலே அறியலாம். சர்க்கரையிலும் பழச்சாற்றிலும் உள்ள பிரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாக மாறுகிறது, குடற்சுவரையும் தளர்த்துகிறது. அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வளரிளம் பருவச் சிறுவர்கள் 8 வாரங்களுக்கு, உணவில் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் பழச்சாற்றையும் பெருமளவு குறைத்தபோது, அவர்களின் கல்லீரல் கொழுப்பு சுமார் 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தது. முதலில் அதைச் செய்யுங்கள். நோயெதிர்ப்பு குன்றிய குழந்தைக்கும், மையச் சிரையில் குழாய் பொருத்திய குழந்தைக்கும் புரோபயாடிக்கே இரத்தத் தொற்றாகலாம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிய நோய்) உள்ள மகளுக்கு மலச்சிக்கலே இல்லை. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி எதற்கு?

குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியா மூளையைப் பாதிக்காமல் இருக்க. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

50 நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, மலம் வெளிறியிருக்கிறது. வெயில் காட்டி, புரோபயாடிக் சொட்டு மருந்தும் தருகிறோம். போதுமா?

போதாது. பித்தநாள அடைப்பாக இருந்தால், பித்தம் குடலுக்கு வடிய வழி செய்யும் ‘கசாய்’ (Kasai) அறுவைச் சிகிச்சை 60 நாள் வயதுக்குள் நடப்பதே நல்லது. இன்றே இரத்தத்தில் நேரடி பிலிருபின் (காமாலை நிறமியில் ஒரு வகை) அளவைப் பரிசோதியுங்கள். அறுவைக்குப் பின்பும் குடல் பாக்டீரியா பித்தநாளத்தில் ஏறித் தொற்றை உண்டாக்கலாம் என்பதால், காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலத்தில் பாக்டீரியா வகைகளைக் கண்டறியும் பரிசோதனை செய்யலாமா?

ஆய்வுக்குப் பயன்படும். உங்கள் குழந்தையின் சிகிச்சையை இன்று அது மாற்றாது.