மறுத்து மறுத்தே பரப்பிய கதை

"நாம் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை சமூக ஊடக அல்காரிதம் தீர்மானிக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவுக்கு ஆம். எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்குமுறைதான் அல்காரிதம். அதற்காக நானும் சம்பளமில்லாமல் ஒருநாள் முழுக்க வேலை செய்திருக்கிறேன்.

எனக்கு ஊர் திருகோணமலை. ஒருநாள் காலை மீன் சந்தைக்கு வெளியே ஆட்டோ நிறுத்துகிற இடத்துக்காக இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். சூரை வாங்கப் போன நான் முழுவதையும் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மத்தியானம் பேஸ்புக்கைத் திறந்தால் அதே காட்சி, தமிழர் முஸ்லிம் மோதல் என்ற தலைப்போடு. எனக்கு விசர் வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி அந்த வீடியோவின் கீழேயே எழுதினேன். ஒருவன் திட்டினான், நான் பதில் சொன்னேன், இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். இரவு பதினொரு மணிவரை இதே வேலை.

அடுத்த நாள் கிண்ணியாவிலிருந்து நண்பன் கோல் எடுத்தான். "மச்சான், அந்த வீடியோ உன்ட பேரோடதான் எனக்கு வந்தது. நீ கமென்ட் போட்டிருக்கிறாய் எண்டு காட்டுது." அந்த வீடியோவைப் போட்ட பக்கத்தை அவன் கேள்விப்பட்டதே இல்லையாம்.

அல்காரிதம் கமென்டை எண்ணும். அதில் இருப்பது ஆதரவா மறுப்பா என்று பெரிதாகப் பார்க்காது. 2018 ஜனவரியில் பேஸ்புக், நண்பர்களுக்கிடையே உரையாடலைக் கிளப்பும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் சண்டையும் உரையாடல் கணக்கில்தானே சேரும்! அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே, கோப முகம் உட்பட எமோஜிகளுக்கு ஒரு லைக்கைப்போல் ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தார்கள் என்பது 2021இல் கசிந்த அவர்களுடைய ஆவணங்களில் தெரியவந்தது.

இலங்கையில் இதன் விலை சின்னதல்ல. 2018 பெப்ரவரி கடைசியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் கடைச் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பித் தாக்குதல் நடந்தது. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. மார்ச்சில் திகன, கண்டிப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை. அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப்பை ஒரு வாரமளவு முடக்கியது. தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் 2020 மே மாதம்தான் மன்னிப்புக் கேட்டது.

எல்லாப் பழியையும் அல்காரிதத்தின் தலையில் போடமாட்டேன். 1983 கலவரத்தின்போது கைப்போனா இருந்தது? வதந்தி அப்போதும் ஆளைக் கொன்றது. ஆனால் அன்று ஒருவன் "பொய்" என்று சொன்னால், அந்தச் சொல்லே வதந்தியைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போகவில்லை.

இப்போது நான் அப்படியான பதிவுகளின் கீழ் ஒன்றும் எழுதுவதில்லை, பகிர்வதும் இல்லை. சந்தைக் கதையைப் பிறகு என் பக்கத்தில் தனியாக எழுதினேன். பதினாலு லைக். இரண்டு பேர் சூரை கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார்கள்.